இசைத்தட்டு தாண்டிய வரி

சேரன்மகாதேவிப் பெண்கள் பள்ளியில் செல்லக்கிளி டீச்சர் விசில் ஊதினால், வாய்க்கால் பாலத்தில் போகிற சைக்கிள்காரன்கூடப் பிரேக் பிடிப்பான் என்று ஒரு பேச்சு இருந்தது. பிடித்தானோ இல்லையோ, சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். அவள் உடற்பயிற்சி ஆசிரியை. ராதாபுரம் பக்கத்துத் தேரிக்காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள். செருப்பில்லாமல் மாவட்டப் பந்தயத்தில் ஓடி, ஓடிய வேகத்திலேயே பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைந்து, வேலையும் வாங்கியவள். "நான் யாரு காலையும் பிடிச்சு வேலைக்கு வரல. என் ரெண்டு கால வச்சு வந்தேன்" என்று ஆசிரியர் அறையில் மாதம் ஒரு தடவையாவது சொல்வாள். கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள்கூட அதை மறுத்ததில்லை.

பள்ளி ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சி எப்போதும் அவளுடைய கோலாட்டம்தான். அதற்கென்று ஓர் இசைத்தட்டு உண்டு. அதை ஓட்ட, ஊர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் என்றைக்கோ நன்கொடையாகக் கொடுத்த சீமை ரெக்கார்டு பிளேயர் ஒன்றும் உண்டு. தேக்குப் பெட்டி, தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பாட்டு எந்தக் கடையிலும் கேசட்டாக வரவில்லை. ஆகவே, காலம் தொண்ணூற்று நான்காம் வருடத்துக்கு வந்த பிறகும் செல்லக்கிளியின் கோலாட்டம் தட்டை நம்பித்தான் நடந்தது.

வினை அதற்கு முந்தின வருடம் வந்தது. விழா மேடையில் பாட்டு பாதி ஓடியபோது, தட்டில் இருந்த ஒரு கீறலில் முள் சிக்கிக்கொண்டது. 'கழனியெல்லாம் காத்திருக்கு... காத்திருக்கு... காத்திருக்கு' என்று தட்டு சொன்னதையே சொல்ல, பிள்ளைகளும் ஆடியதையே ஆடினார்கள். பாட்டு ஓடும்வரை நிறுத்தக் கூடாது என்பது டீச்சர் கொடுத்த பயிற்சி. சுற்றினார்கள், சுற்றினார்கள், செக்கு மாடு தோற்றது. கடைசியில் வாட்ச்மேன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாளிலிருந்து கடைத்தெருவில் அவளுக்குச் 'சுத்து டீச்சர்' என்று பெயர்.

அந்தப் பெயரோடு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முள் இருக்கும் தலைப்பகுதியின்மேல் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். "இனி எப்டிச் சிக்குதுன்னு பாக்கேன்" என்றாள். முள் சிக்கவில்லைதான். ஆனால் கீறல் வந்ததும் ஒரு வரியை முழுசாகத் தாண்டிப் போய் அடுத்த வரியில் 'டொப்' என்று விழுந்தது. வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். செல்லக்கிளி அந்த டொப்பின் மேலேயே பிள்ளைகளுக்கு ஒரு குதியை வைத்தாள். அத்தனை பேரும் ஒன்றாய்க் குதித்து, ஒன்றாய்க் கோலடித்தபோது, குதிக்காகவே எழுதிய பாட்டு போல இருந்தது. "தட்டு குதிச்சா நாமளும் குதிப்போம். நமக்கென்ன காலா இல்ல?" என்றாள். அந்தக் குதியைப்போல இன்னொன்றைத் தான் அமைத்ததில்லை என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

இந்த வருடம் விழாவுக்குப் பயிற்சி ஆரம்பித்துப் பிள்ளைகளின் காலில் ஆட்டம் ஏறிவிட்ட நேரத்தில் பாட்டின் குரல் கெட ஆரம்பித்தது. தகரத்தில் மணலைக் கொட்டியது போல ஒரே கரகரப்பு. தலைமையாசிரியை ராஜராஜேஸ்வரி வராந்தாவில் நின்று கேட்டார்.

"செல்லக்கிளி, பாட்டு ஓடுதா, அப்பளம் பொரியுதா?"

"முள்ளுல ஏதோ கோளாறு, பெரிய டீச்சர். பாத்திருதேன்."

"பாரு. ஆனா பள்ளிக்கூடத்துல நிதி கெடையாது, சொல்லிட்டேன். போன வருஷம் மாதிரி நான் ஊரு முன்னால நிக்க முடியாது. சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்க ஒருத்தன வரச் சொல்லியிருக்கேன். ஒத்திகையில ஒன் பாட்டு சரியா வரலன்னா கோலாட்டத்த எடுத்துட்டு அத வச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை, பாபநாசத்தில் மின்வாரிய வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த கணவன் கொம்பையாவும் தன் பங்குக்கு ஆரம்பித்தான். "ஏளா, பேசாம ஒரு கேசட்டுப் பெட்டி வாங்கிரு. சுத்து டீச்சர் வீட்டுக்காரரு வாராருன்னு பஸ்ஸுல எடம் விடுதான் எனக்கு."

"எடம் கெடைக்குதுல்லா? உக்காந்து வாங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பரிமாறினாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். பிளேயரின் கையிலிருந்து தலைப்பகுதியைத் திருகு கழற்றி எடுத்து, டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அதில் படுக்கவைத்து மூடினாள். காலை ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் முகம்மது மைதீனின் ரேடியோ ரிப்பேர் கடை. மாவட்டத்து மைக் செட்டுக்காரர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் வைத்தியர்.

மைதீன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். "இட்லி கொண்டாந்திருக்கீயளோன்னு பாத்தேன்" என்றபடி லென்ஸைக் கண்ணில் மாட்டினார். "யா அல்லா! இது முள்ளா டீச்சர்? உளில்லா! இத வச்சு ஓட்டுனா பாட்டுக் கேக்காது, தட்டுல உழவுதான் நடக்கும். ஆமா, இந்த ரூவாய ஒட்டுனது எந்த மகராசன்?"

"நாந்தான். இப்போ என்ன அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. உண்டியல்ல போட்டிருந்தா புண்ணியமாவது கெடச்சிருக்கும்."

செல்லக்கிளிக்கு முகம் சிவந்தது. சிரிப்பும் வந்துவிட்டது. முள் மட்டும் போகவில்லை என்று மைதீன் விளக்கினார். முள்ளைப் பிடித்துக்கொண்டு அதன் நடுக்கத்தைச் சத்தமாக மாற்றுகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு, காட்ரிஜ் என்பது அதன் பெயர், அதுவே ஆயுசு முடிந்து கிடக்கிறது. சீமைச் சரக்கு வேண்டுமென்றால் பம்பாயிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

"அப்போ மைக் செட்டுக்காரவுகளுக்கு என்ன மாட்டுவீய?"

"அது சாதாச் சரக்கு. புதுசு இருக்கு, வெலையும் கம்மி. ஆனா உயரம் ஒத்து வராது. ஓட்டையும் ஒத்து வராது. பெட்டியக் கொண்டாங்க, நான் உக்கார வச்சுத் தாரேன்."

"அதத் தூக்கியாருத வாடகைக்கு இன்னொரு பெட்டி வாங்கிரலாம் பாய். எப்டின்னு சொல்லுங்க, நானே மாட்டுதேன்."

மைதீன் லென்ஸை நெற்றிக்கு ஏற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் நாலு ஒயருக்கும் படம் போட்டார். "ஒண்ணே ஒண்ணு. கனத்த அமுக்காதீய. ஒரு எட்டணாத் துட்டு கனம், அவ்வளவுதான் முள்ளு தட்டுல உக்காரணும். சும்மாச் சும்மா ஓட்டிப் பாத்துத் தேய்க்கவும் வேண்டாம்."

பழைய காட்ரிஜை அவர் குப்பைக் கூடையில் போடப் போனார். "அதையும் தாங்க. பள்ளிக்கூடத்துச் சாமான்" என்று வாங்கி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் அவளும் அந்தப் பெட்டியும்தான். புதுக் காட்ரிஜ் உயரம் குறைச்சல், முள் தட்டுக்கு எட்டவில்லை. உடைந்த செட்ஸ்கொயர் ஒன்றை அறுத்து, காம்பஸ் முனையை ஆய்வக விளக்கில் காய்ச்சி இரண்டு ஓட்டை போட்டு, இடையில் திண்டாகக் கொடுத்தாள். தலைமயிர் கனமே உள்ள ஒயர்களைப் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொன்றாக மாட்டினாள். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று வண்டு இரைந்தது. படத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறாள்! மாற்றி மாட்டினாள். வண்டு போய்விட்டது. கனம் பார்க்கத் தராசுக்கு எங்கே போவது? மர ஸ்கேலைப் பென்சிலின் மேல் ஏற்றம்போல நிறுத்தி, ஒரு முனையில் எட்டணாவை வைத்து, மறுமுனையில் முள்ளை இறக்கி, ஸ்கேல் சமமாக நிற்கும்வரை பின்பக்கத்து ஸ்பிரிங்கைத் திருகினாள். ஓடிய காலத்தில் தொடக்கக் கோட்டில் மூச்சைப் பிடித்தது போலப் பிடித்தாள்.

தட்டு சுற்றியது. முதல் தாளம் விழுந்ததும் அவள் வெளியே ஓடி ராஜராஜேஸ்வரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். தலைமையாசிரியை முதல் அடி முடியும்வரை நின்று கேட்டார். "ஏயப்பா, இந்தப் பொம்பள இவ்வளவு நல்லாவா பாடியிருக்கா? இத்தன வருஷமா சளி பிடிச்சவன்னுல்லா நெனச்சேன்!" செல்லக்கிளி முள்ளைத் தூக்கி வைத்தாள். தேய்க்கக் கூடாதே. மிச்சத்தைத் திங்கட்கிழமை ஒத்திகையில் கேட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது கடைத்தெருவின் நடுவாகவே நடந்தாள்.

திங்கட்கிழமை வந்தது. மறுநாள் விழா. பிள்ளைகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். பாட்டு கண்ணாடி மாதிரி ஓடியது. 'கழனியெல்லாம் காத்திருக்கு' என்றது. அத்தனை பேரும் குதித்தார்கள். தட்டு குதிக்கவில்லை. அது பாட்டுக்கு, 'மலையிறங்கி வாராளே, மடை திறந்து வையுங்கடி' என்று பாடிக்கொண்டு போயிற்று. புது முள்ளுக்குக் கீறல் ஒரு பொருட்டாகவே இல்லை. பாதிப் பிள்ளைகள் கோலடித்தார்கள், பாதிப் பேர் திகைத்து நின்றார்கள். ஆடியவர்களில் சுகன்யா என்பவளின் கோல் பக்கத்துப் பிள்ளையின் விரல்முட்டியில் விழுந்து, "எம்மா!" என்ற அலறலோடு வட்டம் கலைந்தது.

வராந்தாவிலிருந்து ராஜராஜேஸ்வரியின் குரல் வந்தது. "பழசையே மாட்டிரு, செல்லக்கிளி. கரகரன்னாலும் பிள்ளைய தப்பில்லாம ஆடிருவாளுவ. இல்லன்னா நான் சொன்னதுதான். சாயந்தரத்துக்குள்ள முடிவச் சொல்லு."

அவள் உள்ளே போய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். இரண்டு திருகுதான். பழையபடி மாட்டி, இரண்டு ரூபாயையும் ஒட்டிவிட்டால் கோலாட்டம் பிழைத்துவிடும், அவளுடைய குதியும் பிழைத்துவிடும். உளியை இறக்கினால் தட்டின் ஆயுசு இந்த விழாவோடு சரி, அது வேறு. ஆனால் காதுக்குள் அந்த வரியே நின்றது. கழனி எதற்குக் காத்திருந்தது என்று ஒரு வருடமாக யாருமே கேட்கவில்லை. காத்திருக்கு என்றதும் குதித்து ஓடியிருக்கிறார்கள். ஆறு மலையிறங்கி வருகிற வரியை விட்டுவிட்டா ஆற்றங்கரைப் பிள்ளைகளை ஆடவைப்பது? டிபன் பாக்ஸை மூடினாள். மூடிய சத்தம் வராந்தாவரை கேட்டது.

"புதுசுதான் பெரிய டீச்சர்!" என்று சொல்லிக்கொண்டே மைதானத்தில் இறங்கினாள்.

சொல்வது எளிது. வரிக்கு நாலு அடி புதிதாகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். நடக்கவில்லை. 'காத்திருக்கு' என்று கேட்டவுடன் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே துள்ளின. உடம்பு படித்ததை வாய் சொல்லி அழிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வெயில் ஏறியது. பிள்ளைகளின் முகம் வாடியது.

"டீச்சர்" என்றாள் சுகன்யா, மூச்சு வாங்க. "கால் குதிக்காம நிக்க மாட்டேங்கு."

"அதான் பாக்கேனே."

"குதிச்சிட்டே போறோம் டீச்சர். குதிச்சு அப்படியே குத்தவச்சு உக்காந்திட்டா? அந்த வரி போற வரைக்கும்?"

செல்லக்கிளி அவளையே பார்த்தாள். "உக்காந்து?"

"சும்மா உக்காந்திருப்போம்."

"சும்மா எதுக்குட்டி? பைய எந்திரிங்க. கோல நேரே மேல பிடிச்சுக்கிட்டு, அடிக்காம, தண்ணி படியேறுத மாதிரி பைய... வரி முடியுத இடத்துல நிமிந்து ஒரே அடி! எங்க, செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினார்கள். முதல் தடவை இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். பிறகு ஒருத்தர்கூட முந்தவில்லை. வராந்தாவில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ராஜராஜேஸ்வரி எழுந்து உள்ளே போனார். கோலாட்டத்தை நிகழ்ச்சிநிரலிலிருந்து அவர் எடுக்கவில்லை.

விழாவன்று திருநெல்வேலியிலிருந்து கல்வி அதிகாரி வந்திருந்தார். மைதானம் கொள்ளாத கூட்டம். போன வருடத்து வேடிக்கையை எதிர்பார்த்தே பாதிப் பேர் வந்திருந்தார்கள். செல்லக்கிளி மேடையோரம் பெட்டி பக்கத்தில் நின்று முள்ளை இறக்கினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

கழனியெல்லாம் காத்திருக்கு. பிள்ளைகள் குதித்துத் தரையில் குந்தினார்கள். கோல் சத்தம் நின்றுவிட்டது.

"ஏலே, சிக்கிட்டுடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல், அதன்மேல் ஒரு சிரிப்பு. செல்லக்கிளி திரும்பவில்லை. கை பெட்டிப் பக்கம் போகவுமில்லை. ஒலிபெருக்கிக் குழாயில் அந்தக் குரல் மட்டும் தெளிவாக வந்தது: மலையிறங்கி வாராளே. வட்டம் முழுவதும் ஒரே மட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. முழங்கால், இடுப்பு, தோள், அதற்கும் மேலே அசையாத கோல்கள். சிரித்தவன் வாயை மூடியிருக்க வேண்டும். மடை திறந்து வையுங்கடி என்று முடிந்த இடத்தில் அத்தனை கோலும் ஒரே கோலாக மோதியது. கூட்டத்திலிருந்து ஒரு 'ஹா' எழுந்தது. அதற்குப் பிறகு பாட்டு முடிகிறவரை யாரும் உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

ராஜராஜேஸ்வரி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையோரம் ஓடி வந்தார். "அதிகாரி இன்னொரு தரம் ஆடச் சொல்லுதாரு. தட்டு தாங்குமா செல்லக்கிளி?"

"தட்டு தாங்கும். ஏட்டி, ஒங்களுக்கு எப்படி?"

பிள்ளைகள் அதற்குள் வட்டம் கட்டியிருந்தார்கள்.

"இதுக்குப் போயி அந்த சினிமாப் பாட்டுக்காரன வரச் சொன்னேனே. வாசல்ல வந்து நிக்கான், அவன்கிட்ட என்ன சொல்ல?"

செல்லக்கிளி முள்ளைத் தூக்கித் தட்டின் ஓரத்துக்குக் கொண்டு வந்தாள்.

"உக்காரச் சொல்லுங்க பெரிய டீச்சர். பாத்துட்டுப் போவட்டும்."