ஹெட்கிளார்க் சொன்ன ஒரு ‘ஆமாம்’

ரயில் பெட்டியில் ஒட்டுவார்களே, அந்த நீளமான ரிசர்வேஷன் சார்ட்டின் பின்பக்கத்தில்தான் எங்கள் ஹெட்கிளார்க் அந்த வரைபடத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார். விழுப்புரம் ரயில்வே காலனி முழுவதும் அதில் இருந்தது. இன்ஜின் டிரைவர்களின் பெரிய ஓட்டு வீடுகள், நடனமாட மரத்தரை போட்ட இன்ஸ்டிட்யூட், மாதா கோயில், உருது பேசும் ஃபயர்மேன் குடும்பங்கள் இருந்த சந்து, அதன் முனையில் தர்கா, தெலுங்குக்காரர்களின் வரிசை, கேரளத்து நர்ஸ் ஒருவர் நட்ட பலாமரம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த வீட்டில் என்ன பாஷை பேசினார்கள் என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார். தொண்ணூற்று மூன்றில், கணவர் இறந்தபின் வாரிசு வேலையில் கிளார்க்காகச் சேர்ந்த எனக்கு முதல் நாள் அவர் காட்டியது என் நாற்காலியை அல்ல, அந்தத் தாளை. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். "வூடு ஒதுக்குற செக்ஷன் நம்மளுது. வூடு எங்க இருக்குதுன்னே தெரியாம நம்பர மட்டும் எழுதிக்கினு இருக்கக் கூடாதும்மா" என்றார்.

அந்தக் காலனியில் ஒருகாலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்திருக்கின்றன. பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எப்போதாவது கடிதம் எழுதுவார்கள். அப்பா இன்ன வருடம் இங்கே டிரைவராக இருந்தார், வீடு இருக்கிறதா, பார்க்க முடியுமா என்று. கடிதம் எங்கெங்கோ சுற்றி ஹெட்கிளார்க் மேசைக்குத்தான் வரும். பழைய ஒதுக்கீட்டுப் பதிவேட்டைப் புரட்டி வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துப் பதில் போடுவார். அவர்கள் வந்து இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியைச் சுற்றிக் காட்டுவார். நாளடைவில் பாண்டிச்சேரிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று கேள்விப்பட்டவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். ஒன்றரை மணி நேர நடை. கிறிஸ்துமஸ் கேக்கைப் பழைய பக்குவத்திலேயே சுட்டுத் தரும் பாய் கடை பேக்கரியில் அது முடியும். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்பதால் என்னையும் கூப்பிடுவார். அந்த நடைகளில் நான் கவனித்த ஒன்று, அவர் எதையும் ஜோடித்துச் சொல்லமாட்டார். இன்ஸ்டிட்யூட்டில் எந்தத் துரை ஆடினான் என்று கேட்டால், "தெரியலங்க. நோட்டுல இருந்தா பாத்துச் சொல்றேன்" என்பார். கூட வந்தவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒருமுறை பொய் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அகலப்பாதை வேலையெல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாள் மகளோடு வந்திருந்தார். டிரைவர் ஒருவரின் மகள். கால் வீங்கியிருந்தது, கைத்தடி வைத்திருந்தார். சின்ன வயதில் ஆயாவிடம் கற்ற தமிழில் பேசினார், அதில் மரியாதை விகுதியே கிடையாது. ஹெட்கிளார்க்கைப் பார்த்து, "நீதான் லெட்டர் போட்டவனா? நல்லா இரு" என்றார். அவருடைய ஒன்பதாவது வயதில் தாயார் அந்த வீட்டின் முன்னறையில் இறந்திருக்கிறார். அந்த அறையில் ஒருமுறை நிற்க வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்றார்.

வீட்டு எண்ணைப் பதிவேட்டில் ஹெட்கிளார்க் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அந்த வரிசையையே புதுத் தண்டவாளத்துக்காக இடித்துவிட்டிருந்தார்கள். சரக்கு வண்டி நிற்கும் லைன் அங்கே ஓடுகிறது. அதை எப்படிச் சொல்வதென்றுதான் முதல்நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார். வாருங்கள் என்று மட்டும்தான் முன்பு பதில் போட்டிருந்தார்; அந்த வருடத்துப் பதிவேடு கைக்குக் கிடைத்ததே அவர்கள் ஊரிலிருந்து புறப்பட்ட பிறகுதான். மாதா கோயிலைத் தாண்டியதும் சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். மாதா கோயிலைத் தாண்டித் திரும்பினோம். அந்த அம்மாள் சட்டென்று நின்று, இடிபடாமல் நின்ற வரிசையில் மூன்றாவதாக இருந்த ஓட்டு வீட்டைக் கைத்தடியால் காட்டினார். "இதுதானே? இதுதானே எங்க வீடு?" முகமெல்லாம் சிவந்துவிட்டது. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஒரே மாதிரி கட்டிய வீடுகள்தாம். ஹெட்கிளார்க் என்னை ஒருதரம் பார்த்தார். "ஆமாம்மா" என்றார்.

அந்த வீட்டில் அப்போது கீமேன் ஒருவரின் குடும்பம் இருந்தது. தண்டவாளத்தைத் தினமும் நடந்து சோதிக்கிற வேலை அவருக்கு. அவர் மனைவி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். ஆஸ்திரேலிய அம்மாள் முன்னறையின் நடுவில் நின்று, கண்ணை மூடி, வெகுநேரம் ஜெபம் செய்தார். கீமேன் மனைவிக்கு விஷயம் புரிந்ததும் தொலைக்காட்சியை அணைத்தார், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவரும் கைகூப்பி நின்றார். நான் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சும்மா. அவங்க மூஞ்சியப் பாத்துக்கினு இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம். மூன்று மாதத்தில் கீமேன் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. சட்டமிட்ட புகைப்படம். கவுன் போட்ட, மெலிந்த, முப்பது வயதுப் பெண். அம்மா கடைசியாக இருந்த அறையிலேயே இதை மாட்டிவைக்க முடியுமா என்று கடிதம். கீமேன் மனைவி அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து படித்துக் காட்டச் சொன்னார். நான்தான் படித்தேன். ஹெட்கிளார்க் ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை. படம் முன்னறையில், மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு முழம் பூ. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை வரும். பதிலுக்குக் கீமேனின் மகள் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பொங்கல் வாழ்த்து எழுதுவாள்.

ஹெட்கிளார்க் நடைவழியை மாற்றிவிட்டார். மாதா கோயில் முனையில் திரும்பாமல் இன்ஸ்டிட்யூட் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். அந்தத் தெருவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டபோது, "ரோடு சரியில்ல" என்றார். அது இரண்டாவது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவது கிறிஸ்துமஸ் அட்டை வந்த வாரம் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "தெனம் பேஜாரா இருக்குதும்மா. ஆஸ்திரேலியாவுக்கு உண்மைய எழுதிடலாம். ஆனா மொதல்ல கீமேன் வூட்டம்மாகிட்ட சொல்லணும். படம் அவங்க வூட்ல இருக்குது" என்றார்.

இருவரும் போனோம். நின்றபடியே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. கீமேன் மனைவி படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இவங்க இந்த வூட்லயே இல்லியா சார்?"

"இல்லம்மா. அது இடிச்ச வரிசை."

"வெள்ளிக்கெழம தவறாம பூ போட்டுக்கினு வர்றேன். நீங்க சொல்றீங்கன்னு இப்போ எறக்கி பரண்ல போட்டா எனக்கு மனசு கேக்காது. நீங்க எழுதறத எழுதிடுங்க. அவங்க எறக்கச் சொல்லட்டும், எறக்கிடறேன்."

நான்கைந்து தாள் கிழித்துப்போட்டு ஒரு கடிதம் எழுதினார். நான் ஆங்கிலத்தைச் சரிபார்த்தேன். தன்மேல் தவறு என்பதை அவர் எங்கேயும் பூசி மெழுகவில்லை. "உங்கள் வீடு இருந்த இடம் எனக்குத் தெரியும், தெரிந்தே வேறு வீட்டைக் காட்டினேன்" என்ற வரியை நான் கொஞ்சம் மென்மையாக்கப் பார்த்தபோது, அப்படியே இருக்கட்டும் என்றார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை. கீமேன் மகள் இரண்டுமுறை வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஹெட்கிளார்க் தினமும் தபால் கட்டை அவரே பிரிப்பார்.

கடிதம் போட்டு ஒன்றேகால் வருடம் கழித்துத்தான் பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. நல்ல எண்ணத்தில் செய்திருப்பாய், ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை என்று எழுதியிருந்தார். நான் அறுபது வருடம் கழித்து அம்மாவிடம் வந்தேன், நீ என்னை வேறொருவர் வீட்டில் நிறுத்தி அழவைத்தாய். வெறும் தண்டவாளம்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று ஜெபித்திருப்பேன், இனி என் கால் அவ்வளவு தூரம் வராது. கடைசியில் தனியாக ஒரு வரி. படத்தை அந்த அம்மா வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். ஹெட்கிளார்க் கடிதத்தை இரண்டுதரம் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். அன்று மதியம் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு கடிதம் ஏதும் வரவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடைவழி மறுபடி மாறியது. சரக்கு லைன் வேலியோரம் போய் நின்று, இங்கே ஒரு வரிசை வீடு இருந்தது, இடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற எதையும் காட்டத் தொடங்குவார். அவர் ஓய்வு பெற்றபின் நான் அழைத்துப் போகிறேன். இப்போது வரும் கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் படமெடுக்க அங்கே எதுவும் இல்லையே என்று பார்ப்பார்கள். நானும் அங்கேதான் ஆரம்பிக்கிறேன்.

கீமேன் ஓய்வு பெற்று, திண்டிவனத்துக்கு வெளியே மனை வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டினார். புதுமனைப் புகுவிழாவுக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். கூடத்தில் மாமனார், மாமியார் படங்களுக்குப் பக்கத்தில் கவுன் போட்ட அந்தப் பெண்ணும் பூவோடு இருந்தார். பந்தியில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்மணி படத்தைப் பார்த்துவிட்டு, இது யாரு என்று கேட்டார்.

சாம்பார் வாளியோடு வந்த கீமேன் மனைவி, "விழுப்புரத்துல எங்க வூட்ல இருந்தவங்க" என்றார்.

ஹெட்கிளார்க் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அந்த வூட்ல இல்லம்மா. அவங்க இருந்தது வேற வூடு. அத இடிச்சிட்டாங்க."

கீமேன் மனைவி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு அந்த உறவுக்காரப் பெண்மணியிடம் திரும்பினார்.

"வேற வூட்ல இருந்தாங்களாம். அத இடிச்சிட்டாங்களாம். அதான் நம்ம வூட்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ஹெட்கிளார்க்கின் இலையில் சாம்பாரை ஊற்றினார்.