கிரேன் தூக்கிய முப்பது மாடி

ஒரு வெப்சைட் செமையாக ஆடிக் காட்டினால், அந்தக் கம்பெனியை நீங்கள் நம்பிவிடுவீர்களா?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில், காலேஜைக் கட் அடித்துவிட்டு நான் அனிமேஷனாகத் தேடித் தேடிப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பக்கத்து கேபினுக்கு லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் வருவார். பாதி நரைத்த தாடி, வெள்ளைக் கைலி, அத்தர் வாசனை. துபாயில் தனக்கு வேலை தரப்போகிற கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஒரு கிரேன் மாடி மாடியாகத் தூக்கி வைத்து முப்பது மாடி கட்டும். 'ஸ்கிப்' பட்டனை அவர் ஒருநாளும் அமுக்கியதில்லை.

"பாஸ்போர்ட்டை ஏஜென்ட்டுகிட்ட குடுத்து ஏழு மாசமாச்சு தம்பி. வர்ற வாரம் கடையைக் காலி பண்றேன். வூட்டுல வேணாங்குறாங்க. நீங்க படிச்ச புள்ள, சொல்லுங்க. இவ்வளவு நேர்த்தியா செஞ்சு வச்சிருக்கவன் ஏமாத்துவானா?"

அதே கிரேனை முந்தின வாரம்தான் ஓர் இலவச அனிமேஷன் சைட்டில் பார்த்திருந்தேன். யார் வேண்டுமானாலும் இறக்கி, தன் கம்பெனி பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

"கிராபிக்ஸ் செம பாய்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அதத்தான் நானும் வூட்டுல சொல்றேன்."

ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பெரிதாக வருத்தமும் வரவில்லை. இப்போது அவர் காலி பண்ணின கடையில் வேறு யாரோ ரீசார்ஜ் கார்டு விற்கிறார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து கேபினில் அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, கிரேன் பதினெட்டாவது மாடியில் இருக்கிறது.