மூன்று பேரும் திரும்பி வந்தோம்

நீர்வேலியில் ஒரு வாழைக்குலைக் கொட்டிலில்தான் எங்கள் பங்க் இசைக்குழு பாட்டுப் பழகும். குலைகள் நிறைந்திருந்தால் சத்தம் வெளியே போகாது. விற்றுத் தீர்ந்த கிழமைகளில் அயல் முழுக்கச் சண்டைக்கு வரும். குருநகரில் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு ட்ரம் அடித்த நான், நாற்பது கடந்த பிறகுதான் இதில் சேர்ந்தேன். பாடுகிறவனும் கிற்றார்க்காரனும் இளம் பெடியள். எவ்வளவு வேகமாக அடித்துக் கத்தினாலும் நடுவில் ஒரு நல்ல மெட்டு எழும்ப வேண்டும். அதுதான் எங்கள் பாட்டு. எனக்குக் கதைக்க வராது, அடிக்க வரும்.

ஒரு கலியாண மண்டபத்தில் பாதியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கொழும்பில் இரண்டு முறை வாசித்தோம், கைதட்டினார்கள். பிறகு ஜேர்மனியிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது.

வீசா கிடைத்த அன்றே சந்தேகமும் தொடங்கியது. ஒருவன் அங்கே நின்றுவிட்டால் மற்ற இருவருக்கும் இனி வீசா இல்லை. குழுவும் அவ்வளவுதான். கிற்றார்க்காரன் மோட்டார் சைக்கிளை விற்றான். இனித் திரும்பி வராதவன் மாதிரி, தாயோடு ஸ்ரூடியோவில் படம் எடுத்தான்.

"அண்ணை, உவன் நிண்டிடுவான். பக்கத்தை விட்டு அசையாதேங்கோ," என்றான் பாடுகிறவன்.

ஜேர்மனியில் கிற்றார்க்காரன் கடைக்குப் போனாலும் பின்னால் போனேன். நிகழ்ச்சியன்று மத்தியானம் அவன் நடுத்தெருவில் திரும்பி நின்றான்.

"என்ன அண்ணை, நிழல் மாதிரி?"

"ஒண்டுமில்லை. குளிருது."

அவன் சிரித்தான். "உங்களைப் பாக்கச் சொல்லியெல்லோ பாடுறவன் எனக்குச் சொன்னவன்! இஞ்சை உங்கடை அக்கா இருக்கிறா, கலியாணமும் கட்டேல்லை, மனிசன் நிண்டிடும் எண்டு."

சிரிப்பு சட்டென்று நின்றது. எங்களை ஒருவருக்கொருவர் காவல் வைத்துவிட்டு அவன் எங்கே? மூவரின் கடவுச்சீட்டுகளும் அவனிடம்தான் இருந்தன. இருவரும் மண்டபத்துக்கு ஓடினோம்.

மேடைக்குப் பின்னால் கடவுச்சீட்டுப் பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டுபேரும் சேர்ந்தே பாய்ஞ்சிட்டியள் எண்டு நினைச்சன்."

அன்றைக்கு அடித்ததுபோல் நான் என்றைக்கும் அடித்ததில்லை.

ஊர் திரும்பியதும் கொட்டில்காரர் பூட்டுத் திறப்பைத் தராமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் பிடிச்சு அனுப்பினவங்கள்?"

"நாங்களாத்தான் வந்தனாங்கள்."

"ஓமோம்," என்றார். திறப்பைத் தந்தார். நம்பவில்லை.

இப்போது மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. இன்று பழக வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். பாடுகிறவன் தாயோடு படம் எடுக்கப் போயிருக்கிறானாம். கிற்றார்க்காரன் என்னைப் பார்த்தான். நான் அடிக்கத் தொடங்கினேன்.