புகைபோக்கி வைத்த வீடு

நுஸ்காவுக்கு இங்கிலீஷ் பழக்கியது ஒரு வாஷிங் மெஷின். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன புதிதில், எழுத்து ஒன்றும் விளங்காமல், அதிலிருந்த சின்னப் படங்களைப் பார்த்தே பொத்தான்களை அழுத்தினாள். பக்கத்திலிருந்த சொற்கள் பிறகு தானாக ஒட்டிக்கொண்டன. பலாங்கொடைக்குத் திரும்பி, மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண்களுக்கு ஞாயிறு வகுப்பு தொடங்கியபோதும் அந்த வழியையே நம்பினாள். படம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் தொட்டில்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு பதினொரு பெண்கள் உட்கார்ந்தார்கள். நுஸ்கா முதல் அட்டையைக் காட்டினாள். கூரை, கதவு, புகைபோக்கி.

“பெக்டரிங்க டீச்சர்,” என்றாள் கொழுந்தெடுக்கும் விஜயகலா.

“இல்ல, இது ஊடு.”

“வீட்டுக்கு எதுக்குங்க பொகக்கூண்டு?”

நுஸ்கா அந்த அட்டையை அடியில் செருகினாள். அடுத்து இதயத்தைக் காட்டினாள். வெற்றிலை என்றார்கள். வரைபடத்தில் இடம் காட்டும் குறியைத் தொங்கட்டான் என்றார்கள். யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு, இவர்கள் கண்ணுக்கு வேறு என்னவெல்லாம் தெரியும் என்று அறியும் ஆசை வந்துவிட்டது. சோக்கை நீட்டினாள்.

“ஒங்கட ஊட்ட நீங்களே வரஞ்சு காட்டுங்களேன் அக்கா.”

விஜயகலா தரையில் நீளமாக ஒரு கூரை போட்டாள். அதன் கீழே எட்டுக் கதவுகள். “இந்த லயன்ல மூணாவது எங்களுது.”

“லயன் இங்கிலீஷ் சொல்லுதானே! வரிசை என்டு அர்த்தம்.”

“நெசமாவாங்க? அப்ப பெரட்டு?”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடுவதுதான் பெரட்டு என்று விளக்கினார்கள். நுஸ்கா அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். “பரேட்!” என்று கத்தியே விட்டாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு சொல்லாகக் கேட்கத் தொடங்கினார்கள். நாலு மணி பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

அடுத்த வாரத்திலிருந்து அட்டைகள் பையை விட்டு வெளியே வரவில்லை. பெண்கள் வரைந்தார்கள், நுஸ்கா அதைக் கொப்பியில் போட்டுக்கொண்டு, கீழே இங்கிலீஷ் சொல்லை எழுதினாள்.

மூன்றாம் மாதம் ஒருநாள் விஜயகலா மூச்சிரைக்க வந்தாள். மலையேற வந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு அவளே இங்கிலீஷில் வழி சொல்லியிருந்தாள்.

“தேங்க்யூன்னாங்க. அப்புறம் கொழுந்துச் செடியத் தொட்டுக்கிட்டு ‘ஹவோல்ட்’டுன்னு என்னமோ கேட்டாங்க. முழிச்சிக்கிட்டு நின்னேன்.”

“எத்தன வயசு என்டு கேட்டீக்காங்க.”

“செடிக்கா?” விஜயகலா திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். இருபது வருஷமாக அதே மலையில் கொழுந்தெடுத்த ஒருத்திக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

“நாளைக்கு தோட்டத்து ஆபீஸ் ஐயாகிட்ட கேக்குறேன்,” என்றாள். “அதுக்குள்ள நூறு வரைக்கும் இங்கிலீஷ்ல எண்ணச் சொல்லிக் குடுங்க டீச்சர்.”