குதிரைக்காரரின் ஞானத்தகப்பன்

எங்கள் வீட்டில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் ஒரு அயர்லாந்துப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலூர்க் கோட்டையில் இருந்த ஒரு அயர்லாந்து சிப்பாய்தான் எங்கள் வம்சத்துக்கு முதல் ஆள், அவர் மகன்தான் எங்கள் பாட்டனார் என்று அப்பா சொல்வார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஸ்டோர் பார்த்தவர் அவர். நல்ல கறுப்பு. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டி, "பாரு, வெள்ளக்காரன் ரத்தம் இங்க தெரியுது" என்பார். நான் அதை வேதம் போல நம்பினேன்.

முப்பது வருடத்துக்கு முன் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையனுக்குத் தோல் ஷாப்பில், பதனிடும் டிரம்மில் தோல் போடும் வேலை. எங்கள் பங்குக் கோயில்தான். அக்காவுக்கும் பிடித்திருந்தது. பதில் கேட்க அவர்கள் மறுபடி வந்தபோது அப்பா உள்ளேயே உட்கார்ந்துகொண்டு என்னை அனுப்பினார். நான் வாசல் கேட்டருகே நின்று பையனின் அம்மாவிடம், "எங்க ரத்தம் வேறம்மா" என்றேன். அதன்பின் அக்காவுக்கு எதுவும் அமையவில்லை. இன்றும் வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறாள்.

போன வருடம், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், அயர்லாந்துக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் நெட்டில் இருப்பதாகச் சொன்னாள். அப்பா சொல்லிவிட்டுப் போன ஊர்ப் பெயரை வைத்து வாரக்கணக்கில் தேடினோம். சிப்பாய் கிடைத்தார். அவர் பிறந்தது, இந்தியாவிலிருந்து திரும்பிப் போய்க் கல்யாணம் கட்டியது, எல்லாம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன். மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பாட்டனார் கல்லறையில பொறந்த வருசம் இன்னா போட்டிருக்குப்பா?"

சொன்னேன்.

"அப்போ அப்பனை விடப் புள்ள மூணு வயசு பெரியவரு. சூப்பர்ப்பா!"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பங்குக் கோயிலுக்குப் போனேன். கரையான் தின்றுவிட்டது என்று அப்பா சொல்லிவந்த ஞானஸ்நானப் புத்தகம் பீரோவில் முழுசாக இருந்தது. உபதேசியார் லத்தீனை மெதுவாகப் படித்துச் சொன்னார். எங்கள் பாட்டனார் வளர்ந்த ஆளாக ஞானஸ்நானம் வாங்கியவர். சிப்பாயிடம் குதிரை பார்த்தவர். சிப்பாய் அவருக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நின்ற ஞானத்தகப்பன் மட்டும்தான். அந்தக் காலத்தில் ஞானத்தகப்பனின் வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வார்களாம்.

"குதிர பாத்தா இன்னாங்க, கொறச்சலா?" என்றார் உபதேசியார். "இந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே ஒருத்தர் நகல் வாங்கியிருக்காரே."

பழைய காகிதக் கட்டிலிருந்து ஒரு மனுவை உருவித் தந்தார். அப்பாவின் கையெழுத்து. அக்காவைப் பெண் கேட்டு வந்த அதே மாதம். என்னை வாசலுக்கு அனுப்புவதற்குப் பத்து நாள் முன்னால்.

தெரிந்துகொண்டுதான் அனுப்பியிருக்கிறார். அந்தப் பொய்யைத் தன் வாயால் சொன்னால் பாவம் என்று என் வாயால் சொல்ல வைத்தாரோ என்னவோ. தினம் இரவு எங்களை முழங்காலில் நிறுத்தி செபமாலை சொல்லவைத்த மனிதர்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஊசியைத் தோலில் குத்தி வைத்தாள்.

"அப்பா போய்ட்டாரு. அவர எங்க போய்க் கேக்கறது? நீ இருக்கியே. அன்னிக்கி அந்த அம்மாகிட்ட இன்னா சொன்ன?"

"உனக்குத் தெரியும்க்கா."

"உன் வாயால சொல்லு."

சொன்னேன். அவள் அழவில்லை.

"அந்த அம்மா நாட்றம்பள்ளில புள்ளகூடதான் இருக்காங்க. கண்ணு தெரியல, காது நல்லாக் கேக்கும். போ. குதிரைக்காரன் வீட்டுப் புள்ள வந்திருக்கேன்னு சொல்லு."

"நீயும் வாயேன்க்கா."

"நானா திருப்பி அனுப்புனேன் அவங்கள?"

ஞாயிறு பூசை முடிந்ததும் நாட்றம்பள்ளி பஸ்ஸில் ஏறினேன். ஆண்டவரே, அப்பாவுக்காகச் செபிக்க இன்னும் எனக்கு வாய் எழவில்லை, அந்த அம்மா முன்னால் நிற்க மட்டும் தைரியம் கொடும் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே போனேன்.