பேசாமல் இருப்பதையும் அனுப்பச் சொன்னவர்

செய்தி வந்தபோது நீலாய் நகரில் ஒரு தொழிற்சாலையின் காவலர் அறையில் இணையத் தொலைபேசி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் எங்கள் கடை முதலாளி சிக்கந்தர் பாய்.

"தம்பி, ராணி இறந்துருச்சிப்பா."

"எந்த ராணி?" என்றேன். எங்கள் கடையில் ஒரே ஒரு ராணிதான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் விழுந்தவர் எழவில்லை. மாரடைப்பு. அதைக் கேட்டபின் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் விட்ட சோதனை அழைப்பை முடித்தேன். மணி அடித்தது, எடுத்தார்கள், இரண்டு பக்கமும் குரல் கேட்டது. அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

செல்வராணி அவர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். சுவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகளாகப் பிறந்தவர். போர்ட்டிக்சனில் ஒரு ஹோட்டலில் பல வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். பிறகு ரஹாங்கில் எங்கள் கடைக்கு வந்தார். கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் வர முடியாத சொந்தங்களுக்கு இணையத்தில் நேரலையாகக் காட்டுவது எங்கள் தொழிலில் பாதி. மீதிப் பாதி இணையத் தொலைபேசி பொருத்துவது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, "என் கண்ணாடி எங்கடா?" என்று கடை முழுவதும் தேடுவார். அதன் ஒரு காது உடைந்து கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு வராது. நாங்கள் ஓயாமல் சண்டை போட்டோம். நான் டிப்ளோமா படித்தவன். குரலையும் படத்தையும் இணையம் துண்டு துண்டாகத்தான் அனுப்பும். எந்தத் துண்டு எந்தப் பாதையில் போகும், எங்கே தொலையும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதன் பெயர்கள்கூடத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

"அதெல்லாம் நீ பாரு. ரெண்டு பக்கமும் பேசுனாங்களா, அத மட்டும் எனக்குச் சொல்லு" என்பார்.

அது அவருடைய ஹோட்டல் பழக்கம். ஓர் அழைப்பை இணைத்துக் கொடுத்தால், இரு பக்கமும் ஒருமுறை வாய் திறக்கும்வரை லைனை விட்டு விலக மாட்டாராம். ஒட்டுக் கேட்பதாக மேனேஜர் திட்டியிருக்கிறார். "மணி அடிச்சா போதுமா சார்? எடுத்தா போதுமா? பேசணும்ல?" என்று அவரிடமே கேட்டாராம்.

அந்தக் கேள்வியில் எங்கள் தொழில் முழுவதும் இருக்கிறது. ஒருவரைக் கூப்பிட்டு, மணி அடித்து, அவர் எடுப்பது ஒரு வேலை. அதன்பின் குரலையும் படத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை. முதலாவது சரியாக நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம். அப்போது அழைப்பு இணைந்திருக்கும், ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் போகாது. இதை நான் பாடமாகப் படித்தேன். அவர் காதால் பிடித்தார். ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஒரு சாவு வீட்டில்தான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இறந்தவர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். மகள் லண்டனில் நர்ஸ். அவர் வீடு இருந்த தோட்டத்தில் சிக்னல் மோசம் என்பதால் நான் பத்திரமான வழியைத் தேர்ந்தெடுத்தேன். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, பார்ப்பவரின் கருவி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகு காட்டும் முறை அது. படம் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் அரை நிமிடம் பிந்தியே போய்ச் சேரும். அரை நிமிடம்தானே என்று நினைத்தேன்.

பெட்டியை மூடப்போகும் நேரத்தில் பெரியப்பா ஒருவர் கேமராவின் முன்னால் வந்து நின்றுவிட்டார். மகள் அங்கிருந்து எழுதினார்: "பெரியப்பாவ நகரச் சொல்லுங்க. அப்பா முகம் தெரியல. மூடாதீங்க." அது எங்கள் திரைக்கு வந்தபோது பெட்டியில் நான்காவது திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ராணி அக்கா ஓடினார். "நிப்பாட்டுங்க! அந்தப் புள்ள இன்னும் பாக்கல!"

சவப்பெட்டிக்காரர் மாரிமுத்து அண்ணன் தலையை ஆட்டினார். "மூடுனது மூடுனதுதான்மா. தொறக்கக் கூடாது."

வீட்டாரும் திறக்கச் சம்மதிக்கவில்லை. வேனில் திரும்பும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அக்கா, ஒரு இடத்துலகூட படம் நிக்கல தெரியுமா?" என்றேன்.

"படம் நல்லாத்தான்டா இருந்துச்சி. யாருக்கு?"



அடுத்த சாவிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம். மற்ற சொந்தங்களுக்கு அந்தப் பிந்தி வரும் படம் போதும். மிக நெருங்கிய ஒருவருக்கு மட்டும் தனியாக ஓர் அழைப்பு. அதில் தொலைந்த துண்டு தொலைந்ததுதான், படம் உடையும், குரல் கரகரக்கும், ஆனால் அந்தக் கணத்திலேயே போய்ச் சேரும். மூடுவதற்கு முன் ராணி அக்கா பெட்டியின் மூடிமேல் கையை வைத்து நின்றுகொண்டு, "மூடலாமாம்மா?" என்று போனில் கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை கையை எடுக்க மாட்டார்.

"ராணி வந்துட்டாலே அரை மணி நேரம் லேட்டு லாஹ்" என்று மாரிமுத்து அண்ணன் முனகுவார்.

"நீங்க படுக்குறப்ப சீக்கிரமா மூடச் சொல்றேண்ணே, கவலப்படாதீங்க" என்பார் அக்கா.

எனக்கும் அந்தக் காத்திருப்பு பிடிக்காது. ஒருநாள் பெர்த்தில் இருந்த ஒரு மகனிடம் கேட்டுவிட்டு நின்றோம். பதில் இல்லை. இரைச்சல்கூட இல்லை. சுத்தமான அமைதி.

"லைன் கட்டாயிருச்சிக்கா. மூடச் சொல்லுங்க."

"நீ பாத்தியா?"

பார்த்தேன். அழைப்பு அறுபடவில்லை. யாரும் பேசாதபோது எதையும் அனுப்பாமல் இருக்கும் ஓர் அமைப்பு எங்கள் கருவிகளில் உண்டு. இணையச் செலவு மிச்சம். அழைப்பின் இரண்டு பக்கத்துக்கும் நான்தான் அதைப் போட்டு வைத்திருந்தேன். அந்த மகன் அங்கே சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அதைப் பேச்சில்லை என்று கணக்கிட்டு என் அமைப்பு வெட்டி எறிந்துகொண்டிருந்தது.

"அத எடுத்துரு" என்றார் அக்கா.

"சிக்னலே இல்லாத எடத்துல சும்மா இருக்குறதயும் அனுப்பணுமா? வேஸ்ட்டுக்கா."

"பேசாம இருக்குறதயும் அனுப்புடா. அங்க ஆள் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எடுத்தேன். மூச்சு கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிக்கா, மூடுங்க" என்று கேட்டது.

ராணி அக்காவின் இறுதிச் சடங்கு சுவா பக்கத்தில் அவருடைய தோட்டத்து வீட்டிலேயே நடந்தது. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு தங்கை சாந்தி. நியூசிலாந்தில் எட்டு மாதக் கர்ப்பம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிக்கந்தர் பாய் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு மணிக்கு மின்சுடலையில் நேரம் கொடுத்திருந்தார்கள். கீழே இறங்கியபோது படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுபோயிற்று. படத்தை நிறுத்திவிட்டு, இருந்த சிக்னல் முழுவதையும் குரலுக்குக் கொடுத்தேன்.

"தம்பி, மணி ஆச்சி" என்றார் மாரிமுத்து அண்ணன்.

மூடிமேல் கையை வைத்தேன். அங்கே கை வைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"சாந்திக்கா, மூடலாமா?"

பதில் இல்லை. மழை தகரத்தில் விழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் மூச்சாவது கேட்கிறதா என்பதும் தெரியவில்லை. மாரிமுத்து அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். கால் மாற்றி நின்றேன். என் கையை அங்கிருந்து எடுத்துவிடத்தான் எனக்கும் ஆசை.

கருவியின் திரையைப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வரும் துண்டுகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஐம்பது. ஒன்றிலும் பேச்சில்லை. ஆனால் வந்துகொண்டே இருந்தன.

"லைன் போச்சாப்பா?" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"இல்லண்ணே. இருக்காங்க."

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு கரகரப்புக்கு நடுவில் குரல் வந்தது.

"படம் போறதுக்கு முன்னாடி பாத்தேன். அக்கா மூஞ்சியில கண்ணாடி இல்லயே. அது இல்லாம அவளுக்கு எதுவும் தெரியாது தம்பி."

மழையில் வேனுக்கு ஓடினேன். அவருடைய சாமான் பையில், கம்பிச் சுருளுக்கு அடியில் கண்ணாடி கிடந்தது. சட்டையில் துடைத்தபடி பெட்டிக்குத் திரும்பினேன். எனக்கு முன்னாலேயே மாரிமுத்து அண்ணன் குனிந்து, அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த மாலையை ஒதுக்கிக் கொடுத்தார். டேப் சுற்றிய காதை மெல்லச் செருகினேன். தலைமேல் ஏற்றி வைக்கவில்லை. கண்ணுக்கு நேராகவே வைத்தேன்.

"வச்சாச்சிக்கா. இப்ப மூடலாமா?"

மறுபடியும் அமைதி. எண்ணிக்கை ஓடியது. இந்த முறை மாரிமுத்து அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ம். மூடுங்க."

கையை எடுத்தேன்.

ராணி அக்கா, நிம்மதியாகப் போங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்த பிறகுதான் மூடினோம்.