ஒப்பித்துப் பாஸான கண்

சட்டை தைக்கும் ஆலையில், செக்கிங் மேசையில் அவளுக்குப் பெயர் கழுகம்மா. தையல் விட்டிருந்தாலும் பட்டன் கோணியிருந்தாலும் துளி கறை பட்டிருந்தாலும் அவளிடம் தப்பாது. எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ, வருஷக்கணக்காய் ஒட்டிக்கொண்டது. கழுகுக்கும் வயசாகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவளும்தான்.

நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்க ஆரம்பித்தது. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவாள், மடியில் கிடக்கும் சட்டையின் தையல் தெரியாது. வெளியே சொன்னால் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். சம்பளமும் குறையும், பெயரும் போகும். வாயைத் திறப்பாளா? விரலால் பார்க்கப் பழகிக்கொண்டாள். மடிப்பு மடிப்பாகத் தடவி, விட்டுப்போன தையலைப் பிடித்துவிடுவாள். கறையைத் தடவிப் பிடிக்க முடியாதே! அதற்குப் பக்கத்து மேசைக்காரி இருந்தாள். இந்தப் பீஸ் சுத்தமா இருக்காடி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பாள். அவளும் நல்ல மனுஷி, பதில் சொல்வாளே தவிர ஏன் எதற்கு என்று துருவமாட்டாள்.

இப்படி வேலையைச் சமாளித்துவிட்டாள். மகளின் முகத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை.

ஒரே மகள். கடல் தாண்டி ஒரு வீட்டில், படுத்த படுக்கையாகிவிட்ட கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் வீடியோவில் கூப்பிடுவாள். கூப்பிட்டு என்ன செய்ய? போனுக்குள் கலங்கல் தண்ணீரில் பார்த்தது மாதிரி ஒரு முகம் ஆடும். இவள் போனை முழுக்கை நீட்டிப் பிடிப்பாள். ஏம்மா என்னை அவ்வளவு தள்ளி வைக்கிறாய் என்று மகள் சிரிப்பாள். சிரிப்புச் சத்தம் கேட்கும், சிரிக்கிற வாய் தெரியாது. பேசி முடித்த பிறகு, அவள் கன்னத்து மச்சம் இடது பக்கமா வலது பக்கமா என்று யோசித்து யோசித்துப் பார்ப்பாள். பெற்றவளுக்கே பிள்ளை முகம் மறந்துபோகுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். ஒரே ஒரு தடவை அந்த முகத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் ஏறிக் கேட்டாள். ஒரு மாத வீட்டு வாடகையை விலையாகச் சொன்னான். வந்த வழியே இறங்கிவிட்டாள்.

அப்புறம்தான் ஆலைக்கே கண் முகாம் வந்தது. ரெண்டு நாள் இருக்கும், ஒரு ஜோடி செருப்பு விலைக்குக் கண்ணாடி கொடுப்பார்கள் என்றதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் போய்ப் பார்த்தால், சோதிக்கிற மேசைக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்! அவர் முன்னால் கண் தெரியாது என்று காட்டிக்கொள்ள முடியுமா? வரிசையில் முன்னால் நின்றவர்கள் சத்தமாகப் படித்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தாள். அவள் முறை வந்தது. அட்டையைக் கையில் கொடுத்ததும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். சோதித்த பெண் அசந்துபோய், உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்றாள். சூப்பர்வைசருக்குப் பெருமை தாங்கவில்லை, கழுகு என்றால் சும்மாவா என்றார்.

மேசைக்குத் திரும்பி அடுத்த சட்டையைத் தடவும்போதுதான் உறைத்தது. அடி பைத்தியமே, எதில் பாஸாகிவிட்டு வந்திருக்கிறாய்! வாய்க்கு வந்த சோற்றைத் தன் கையாலேயே தட்டிவிட்டிருந்தாள்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். முகாம் வரும் சேதியை இவள் முன்பே சொல்லியிருந்தாள். கண்ணாடி வாங்கினாயா என்று மகள் கேட்டாள். என் கண் நன்றாகத்தான் இருக்கிறதாம் என்றாள் இவள், வீம்புக்கு.

"அப்ப சொல்லு, நான் எப்படி இருக்கேன்?"

"உனக்கென்ன கண்ணு, ராணி மாதிரி இருக்கே."

மகளின் குரல் இறங்கிப்போனது. ஆமாம்மா என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஆமாம் இவளுக்கு ராத்திரியெல்லாம் முள்ளாய்க் குத்தியது.

மறுநாள் காலையில் முதல் ஆளாய்ப் போய் நின்றாள். சூப்பர்வைசர் அங்கேயேதான் இருந்தார். இருந்தால் இருக்கட்டும்.

"நேத்து நான் படிக்கலைம்மா, ஒப்பிச்சேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியல."

சோதிக்கிற பெண் வேறு அட்டையை எடுத்தாள். ஒவ்வொரு கண்ணாடியாய்ப் போட்டுப் பார்த்ததில், ஒன்றில் எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்து நின்றது. அதையே வாங்கிப் போட்டுக்கொண்டாள். சூப்பர்வைசர் கத்தித் தீர்த்துவிட்டார். அனுப்பாமல் கிடக்கும் பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி பார், பேக்கிங்குக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அப்புறம் சொல்கிறேன் என்றார். தலையாட்டிவிட்டு வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அவளே கூப்பிட்டாள். மகள் எடுத்தாள்.

முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. உதடு வெடித்திருந்தது. காதோரம் ஆறியும் ஆறாமலும் ஒரு தீக்காயம். உருண்டை முகமாய் அனுப்பிவைத்த பிள்ளை. கழுகம்மா போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

அம்மாவின் மூக்கின் மேலிருந்த கண்ணாடியை மகளும் பார்த்துவிட்டாள். அவசரமாய் முடியை இழுத்துக் காதோரத்தை மூடினாள். அப்புறம் கையைக் கீழே விட்டாள்.

"உனக்குக் கண் தெரியாதுன்னுதாம்மா இவ்ளோ நாளும் முகத்தைக் காட்டிப் பேசினேன்."

"பாத்துட்டேன். கெளம்பி வந்துடு கண்ணு."

அங்கே மகளுக்கு உதடு துடித்தது. இவளுக்கும் கண்ணீர் முட்டியது. துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் முகம் போய்விடும். கழற்றாமல், மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.